பாறைக்குள் இருக்கும் பாஸ்பேட்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, லண்டன் குளிரிலும் தெருமுனை வரை நடக்கிறார் என்று படித்ததும் பெரிய நிம்மதி. இங்கே சிங்கப்பூரில் எல்லாரும் சுகம். மகளுக்குப் பரீட்சை நேரம், வீடே அமைதியாக இருக்கிறது.

சரி, உன் பவளத் தொட்டிக்கு வருவோம். பாஸ்பேட் 0.42 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற கணக்கு) இருந்தது, அதை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு குருணையான ஜிஎஃப்ஓவை நிறையப் போட்டதும் சில நாளில் 0.03க்கு இறங்கியது, அதை எடுத்ததும் மறுபடி 0.2க்கு ஏறிவிட்டது, அக்ரோபோரா பவளத்தின் நுனிகள் வெளுக்கின்றன என்று எழுதியிருக்கிறாய். கருவி கெட்டுவிட்டதோ என்ற சந்தேகம் வேண்டாம். பாஸ்பேட் தண்ணீரில் மட்டும் இல்லை, உன் பாறையிலும் மணலிலும் இருக்கிறது. அவை கால்சியம் கார்பனேட். தண்ணீரில் பாஸ்பேட் கூடினால் அவற்றின் மேல் ஒட்டிக்கொள்ளும்; குறைந்தால் மெல்லக் கழன்று வெளியே வரும். வருஷக்கணக்கில் சேர்ந்தது ஒரு வாரத்தில் எப்படிப் போகும்? பத்து சதவீதம் தண்ணீர் மாற்றினால், கரைந்திருப்பதில் பத்து சதவீதம்தான் போகும். அதையும் பாறை ஈடுகட்டிவிடும்.

அதனால் அவசரப்படாதே. பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் கால்வாசி ஜிஎஃப்ஓவோடு தொடங்கு. அளவு இறங்குவது நின்றதும் பழையதை எடுத்துவிட்டுப் புதியது போடு. மாதக்கணக்கில் ஆகட்டும். 0.03க்கும் 0.1க்கும் நடுவே வந்து நின்றால் போதும். ஆல்க், அதாவது தண்ணீரின் காரத்தன்மை, 11 டிகேஎச் வைத்திருக்கிறாய் அல்லவா, அதையும் மெதுவாக 8 பக்கம் கொண்டுவா. பாஸ்பேட், நைட்ரேட் போன்ற சத்துக் குறைந்த தண்ணீரில் ஆல்க் உயர்ந்திருந்தால் நுனி கருகும்.

பாஸ்பேட்டைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோக மட்டும் முயற்சி செய்யாதே. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். பவளத்துக்குள் வாழும் பாசிக்கும் பாஸ்பரஸ் வேண்டும். நைட்ரேட் மிகுந்து பாஸ்பேட் இல்லாமல் போனால் பவளம் சூட்டுக்கும் வெளிச்சத்துக்கும் எளிதில் வெளுக்கும் என்று சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் 2013இல் எழுதினார்கள். பாசியின் சவ்வில் பாஸ்பரஸ் இருக்க வேண்டிய இடத்தில் கந்தகம் வந்து உட்காருவதுதான் கோளாறு. தொட்டி வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்த்திருக்கிறார்கள்: சத்து வற்றிய தொட்டியில்தான் டைனோ (டைனோஃபிளாஜலேட் என்ற நுண்ணுயிர்) பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று படரும். அதை விரட்டுவது பாஸ்பேட்டை இறக்குவதைவிடப் பெரிய வேலை.

கருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹானா நிறுவனத்தின் அந்தச் சின்னக் கருவி பாஸ்பரஸைப் பிபிபியில் (பிபிஎம்மில் ஆயிரத்தில் ஒரு பங்கு) காட்டும், 3.066ஆல் பெருக்கினால்தான் பாஸ்பேட். 33 என்று காட்டினால் 0.1 பிபிஎம். ஐந்து பிபிபி இப்படி அப்படி இருக்கும் என்று அவர்களே சொல்கிறார்கள். ஆகவே 2, 3 என்று வந்தால் அதை நம்பி எதுவும் செய்யாதே.

ஆவியாகும் தண்ணீருக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீர் ஊற்றுவதாக எழுதியிருந்தாய். அதை இன்றே நிறுத்து! பழைய குழாய்களிலிருந்து ஈயம் கரையாமலிருக்க பிரிட்டனில் பெரும்பாலான இடங்களில் குடிநீரில் பாஸ்பேட்டைக் கலந்தே அனுப்புகிறார்கள். குடிப்பவர்களுக்கு அது நல்லதுதான், தொட்டிக்கு ஆகாது. தண்ணீர் ஆவியாகும், பாஸ்பேட் தங்கிவிடும். ஆர்ஓ சவ்வு வடிகட்டியோடு, மிச்ச உப்பையும் எடுக்கும் டிஐயும் சேர்ந்த கருவி ஒன்று வாங்கிவிடு.

மற்றபடி பாஸ்பேட் வருவது உணவிலிருந்துதான். உறைந்த மைசிஸை (குட்டி இறால் போன்ற மீன் உணவு) கழுவிப் போடுவதால் பெரிய லாபம் இல்லை, பாஸ்பரஸ் அதன் சதையிலேயே இருக்கிறது. ஆனாலும் மீனைப் பட்டினி போடாதே. கழிவை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மரை நன்றாக ஓடவிடு. துணைத் தொட்டியான சம்பில் கொஞ்சம் கீட்டோ பாசி வளர்த்து, அதற்கு இரவில் விளக்குப் போடு, பிஎச் இறங்காமல் இருக்கும். நைட்ரேட் சுத்தமாக இல்லாவிட்டால் கீட்டோ வளராது, பாஸ்பேட்டையும் எடுக்காது, அதையும் பார்த்துக்கொள். பாஸ்பேட்டை வெள்ளைத் துகளாக்கிப் பிரிக்கும் லாந்தனம் குளோரைடைக் கடைக்காரர் சொன்னாரே, அது இப்போது வேண்டாம். நுண்ணிய வடிகட்டிப் பை இல்லாமல் ஊற்றினால் அந்த வெள்ளைக் கலங்கல் மீன்களின் செவுளைப் பாதிக்கும். உன் மஞ்சள் டேங் மாதிரி மீன்கள்தான் அதில் முதலில் அடிபடும்.

வாரம் ஒருமுறை பாஸ்பேட், நைட்ரேட், ஆல்க் மூன்றையும் ஒரே நேரத்தில் பார்த்துக் குறித்து அனுப்பு. அக்ரோபோராவை நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து அதையும் சேர்த்து அனுப்பு. டிசம்பரில் வருவதாக இருந்தால் முன்பே சொல், அறையை ஒழித்து வைக்கிறேன். அப்பாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்