நம்ம சினிமா வட்டத்தோட 2025 ஆண்டறிக்கை

தலைவர் அண்ணா, கணக்கு பாக்குற அக்கா, இன்னைக்கு இந்த பின்லாந்து குளிர்ல ஹெல்சின்கிலயும் எஸ்போலயும் இருந்து கெளம்பி வந்திருக்குற எல்லாருக்கும் வணக்கம். வராதவங்களுக்கும் இது வாட்ஸ்அப் குரூப்ல வரும், தயவுசெஞ்சு முழுசா படிங்க.

மொதல்ல வழக்கமான விஷயம். பொங்கலுக்கு பழைய படம் போட்டோம், 52 பேர் வந்தாங்க. ஏப்ரல்ல புத்தாண்டு சாப்பாடு. யுஹன்னுஸுக்கு, அதான் ஜூன் மாச கோடைத் திருவிழாவுக்கு, ஏரிக்கரையில மக்கரா (இங்கத்த சாசேஜ்) சுட்டோம், மழை. குழந்தைங்க படம் ரெண்டு தடவை. தீபாவளி நல்லபடியா முடிஞ்சுது. நிர்வாகக்குழு 6 தடவை கூடுச்சு.

இனிமே பெல்ட்ஸி தொடர் பத்தி. இது என்னோட யோசனைதான், அதனால கொஞ்சம் நீளமா சொல்லணும். பின்லாந்து சினிமா நடிகர் மத்தி பெல்லொன்பா செத்து 2025 ஜூலை 13ஓட 30 வருஷம் ஆச்சு, 1995ல வாசா ஊர்ல மாரடைப்பு, 44 வயசுதான். இங்க அவர எல்லாரும் பெல்ட்ஸின்னுதான் சொல்லுவாங்க. போன வருஷ பொதுக்கூட்டத்துல மாசம் ஒண்ணுன்னு அவரோட 6 படம் போடலாமான்னு நான் கேட்டப்போ யாரும் வேணாம்னு சொல்லல, கைய தூக்கினீங்க, மினிட்ஸ்ல இருக்கு. அப்புறம் பாத்தா மொத படத்துக்கு 11 பேர், ரெண்டாவதுக்கு 9, அக்டோபர்ல 5 பேர், அதுல ரெண்டு பேர் ஹால் சாவி வச்சிருக்கறவங்க. "ரஜினி படம் போடுங்க வர்றோம்"னு நேர்லயே ஒருத்தர் சொன்னாரு. ரஜினி படம் எனக்கும் புடிக்கும், அத வீட்லயே பாக்கலாமே, நாம வாழற ஊரோட நடிகர எப்ப பாக்கறது?

இவர் ஹெல்சின்கில 1951ல பொறந்தவர். 1962லயே, பதினோரு வயசுல, யூலேங்கற இந்த நாட்டு அரசு ரேடியோவோட நாடகத்துல பேச ஆரம்பிச்சாரு, அப்புறம் நெறைய அமெச்சூர் நாடகம், 1977ல நாடக அகாடமி முடிச்சாரு. ரேடியோல வளந்த ஆளு சினிமால பேசாமயே நடிச்சாருங்கறதுதான் எனக்கு இன்னைக்கும் ஆச்சரியம். டைரக்டர் மிகா கௌரிஸ்மாகியோட 'அர்வொத்தமத்' படம் 1982ல வந்துச்சு, அதுல பெரிய ரோல். அடுத்த வருஷம் மிகாவோட தம்பி அகி கௌரிஸ்மாகி எடுத்த மொத முழுநீளப் படத்துல நிக்காண்டர்னு ஒரு ரோல். அதே பேர்ல 1986ல 'சொர்க்கத்தில் நிழல்கள்' படத்துல குப்பை லாரி ஓட்டுறவரா வந்தாரு. எதிர்ல சூப்பர்மார்க்கெட் கவுண்டர்ல வேலை பாக்குற பொண்ணு, காத்தி ஔட்டினென். மொத தடவை வெளிய கூட்டிட்டு போறதே பிங்கோ ஆட. வசனம் ரொம்ப கம்மி, சிரிப்பு கெடையாது, மீசையும் அந்த சோகமான கண்ணும்தான். ஆனா அவர் லாரிக்குள்ள உக்காந்து சிகரெட் புடிக்கிறப்போ மனசுல என்ன ஓடுதுன்னு நமக்கு தெளிவா தெரியுது. நம்மள்ல பாதி பேரு இங்க கிளீனிங், பேப்பர் போடறதுன்னுதான் தொடங்கினோம். காலைல நாலு மணிக்கு ஆளில்லாத தெருல நடந்தவங்களுக்கு இந்த படம் புரியாதுன்னு யாரும் சொல்லாதீங்க.

அடுத்து ஜிம் ஜார்முஷோட 'நைட் ஆன் எர்த்', 1991. அஞ்சு நகரம், அஞ்சு டாக்ஸி, கடைசி டாக்ஸி ஹெல்சின்கில பனிக்குள்ள. டிரைவர் நம்ம பெல்ட்ஸிதான், படத்துல பேரு மிகா, மயங்கி கெடக்குற பயணி பேரு அகி. குடிச்சிட்டு ஏறினவங்க தங்களோட ஃப்ரெண்டுக்குத்தான் உலகத்துலயே பெரிய கஷ்டம்னு சொல்ல, இவர் கொறமாசத்துல பொறந்த தன்னோட பொண்ணு கதைய குரல் ஏறாம எறங்காம சொல்லுவாரு. எப்படியும் செத்துடும், பாசம் வைக்க வேணாம்னு இருந்துட்டு, கடைசில பாசம் வைக்கலாம்னு முடிவு பண்ணி ஆஸ்பத்திரிக்கு போனா குழந்தை போயிடுச்சு. அன்னைக்கு நம்ம ஹால்ல 7 பேர்தான் இருந்தோம், படம் முடிஞ்சும் யாரும் லைட் போட எந்திரிக்கல. பதினாறு வருஷமா இந்த நாட்டுல பக்கத்து வீட்டுக்காரர் பேசமாட்டேங்கறாருன்னு குறை சொல்லிட்டே இருந்தேன், அந்த பேசாம இருக்கறதுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்கு காட்டினது இந்த மனுஷன்தான். இந்த தொடர் வேணும்னு நான் ஒத்தக்கால்ல நின்னது இதுக்காகத்தான்.

1992ல 'லா வி தெ போஎம்', பாரிஸ்ல வாழற அல்பேனிய ஓவியரா, பிரெஞ்சு பேசி நடிச்சு ஐரோப்பாவோட சிறந்த நடிகர் விருது வாங்கினாரு. 'கலமாரி யூனியன்', 'ஏரியல்', லெனின்கிராட் கௌபாய்ஸ்ங்கற பாட்டுக் குழு படத்துல மேனேஜர் எல்லாம் சொல்ல இடமில்ல. 1996ல வந்த 'மிதக்கும் மேகங்கள்' அகி அவருக்குன்னு யோசிச்ச படம், அதுக்குள்ள அவர் போயிட்டாரு. அந்த படத்துல செத்துப்போன குழந்தையோட போட்டோவ ஔட்டினென் பாப்பாங்க இல்ல, அது பெல்லொன்பாவோட சின்ன வயசு போட்டோ. நவம்பர்ல இத போட்டோம். 6 பேர்.

ஒவ்வொரு படத்துக்கும் வசனத்த நானே தமிழ்ல எழுதி, வேலை முடிஞ்சு ராத்திரி உக்காந்து, பிரிண்ட் எடுத்து பின் அடிச்சேன். பெருமைக்கு சொல்லல. அந்த தாள பாத்து 'மெனு கொஞ்சம் பெருசா இருக்கே'ன்னு கேட்டவங்களுக்காக சொல்றேன். செப்டம்பர்ல கார்க்கிலாங்கற ஊருக்கு போனோம், அகி கௌரிஸ்மாகியும் கூட்டாளியும் 2021ல பழைய இரும்பாலை இடத்துல ஆரம்பிச்ச கினோ லைக்கா தியேட்டர பாக்க. வர்றோம்னு 19 பேர் பேர் குடுத்தீங்க, வேன் அதுக்கு தகுந்த மாதிரி சொல்லியாச்சு, காலைல 8 பேர். மீதி பேர்ல நாலு பேராவது ராத்திரியே ஒரு மெசேஜ் போட்டிருந்தா சின்ன வண்டி எடுத்திருப்போம். போன 8 பேரும் சந்தோஷமா வந்தாங்க.

கணக்கு அக்காகிட்ட இருக்கு, பாக்கணும்னா பாக்கலாம். சுருக்கமா சொன்னா வரவும் செலவும் கிட்டத்தட்ட சமம், கையிருப்பு போன வருஷத்த விட கம்மி. பெரிய செலவு படம் போடற உரிமைக் கட்டணம், அப்புறம் ஹால் வாடகை, வேன். உறுப்பினர் 61 பேர், 25 யூரோ சந்தா கட்டினது 28 பேர். பேர் படிக்கப்போறதில்ல. பொங்கல் சாப்பாட்டுக்கு வந்த 52 பேர்லயே பாதிக்கு மேல கட்டல, அது எனக்கு வருத்தம்.

சமையல் பண்ண அக்காமாருக்கும், புரொஜெக்டர் குடுத்து உதவின தம்பிக்கும், ஹால் பெருக்கின எல்லாருக்கும் நன்றி.

அடுத்த வருஷம் காத்தி ஔட்டினென் படங்கள் 4 போடணும்னு ஆசை. ஜனவரி கடைசிக்குள்ள 45 பேராவது சந்தா கட்டினாதான் உரிமைக் கட்டணத்துக்கு எழுத முடியும், இல்லன்னா பொங்கலும் தீபாவளியும் மட்டும் நடக்கும், அதுக்கு தனியா ஒரு செயலாளர் வேணுமான்னு நீங்களே யோசிச்சு சொல்லுங்க. பெல்ட்ஸி படங்களோட வசன தாள் இன்னும் 40 செட் என் வீட்ல இருக்கு. லைப்ரரில டிவிடி எடுத்து பாக்கறவங்க கேளுங்க, கொண்டு வந்து தர்றேன், காசு வேணாம்.

செயலாளர்