ஸ்னிட்சை முதலில் கண்டவர் லிஞ்ச்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் சென்ற வாரம் வெளியான, ஹாரி பாட்டர் கதைகளில் துடைப்பத்தில் பறந்தபடி ஆடப்படும் குவிடிச் விளையாட்டு பற்றிய கட்டுரையில், அயர்லாந்து அணியின் சீக்கர் (ஸ்னிட்ச் என்ற சிறகுள்ள சிறு தங்கப் பந்தைப் பிடித்து ஆட்டத்தை முடிக்க வேண்டியவர்) ஐடன் லிஞ்சைப் பற்றி, 'இரண்டு முறை தரையில் மோதி எல்லோரையும் சிரிக்கவைத்தவர்' என்ற ஒரே வரிதான் இருந்தது. ஹாரி பாட்டர் வரிசையின் நான்காம் நூலை மகளுக்காக வாங்கி, அவளைவிட அதிக முறை படித்துவிட்டவன் என்பதால், அந்த வரிக்கு மறுப்புத் தெரிவிக்க விரும்புகிறேன். அந்நூலைத் தழுவி 2005இல் வெளியான திரைப்படத்தில், அயர்லாந்தும் பல்கேரியாவும் மோதும் குவிடிச் உலகக் கோப்பை இறுதிப் போட்டியின் ஆட்டம் காட்டப்படவே இல்லை என்பதால், படத்தை மட்டும் பார்த்தவர்கள் லிஞ்சை அறியாததில் வியப்பில்லை.

அந்த இறுதிப் போட்டியில் முதல் முறை அவர் விழுந்தது ஏமாந்துதான். அதை மறைக்க வேண்டியதில்லை. பல்கேரியாவின் சீக்கர் விக்டர் கிரம், ஸ்னிட்ச் கண்ணில் பட்டுவிட்டதுபோலப் பாசாங்கு செய்து தலைகீழாகப் பாய்ந்து, கடைசி நொடியில் துடைப்பத்தை நிமிர்த்திக்கொள்ள, துரத்திவந்த லிஞ்ச் தரையில் மோதிய சத்தம் அரங்கம் முழுவதும் கேட்கிறது. அப்போது யாரும் சிரிக்கவில்லை. அயர்லாந்து ரசிகர்களின் பக்கமிருந்து பெரிய முனகல்தான் எழுகிறது. மருத்துவர்கள் கோப்பை கோப்பையாக மருந்து புகட்டி லிஞ்சைத் தெளியவைத்துக் கொண்டிருந்த நேரத்தில், கிரம் மேலே வட்டமிட்டபடி இடையூறின்றி ஸ்னிட்சைத் தேடுகிறார். ஒருவகையில் அந்த ஏமாற்றின் நோக்கமே அதுதான். ஆனால் லிஞ்ச் எழுந்து மீண்டும் தமது ஃபயர்போல்ட் துடைப்பத்தில் ஏறிய பிறகு நடந்ததைக் கட்டுரையாளர் விட்டுவிட்டார். அவர் எழுந்துவந்தது அணிக்கே புதுத் தெம்பைத் தந்தது என்று நூல் சொல்கிறது; அடுத்த 15 நிமிடங்களில் அயர்லாந்து கோலுக்கு 10 புள்ளி வீதம் மேலும் 10 கோல்கள் போட்டு, 130-10 என்று முன்னிலை பெறுகிறது.

இரண்டாவது வீழ்ச்சிதான் என்னை இக்கடிதம் எழுதத் தூண்டியது. இம்முறை பாசாங்கு ஏதும் இல்லை. உண்மையான ஸ்னிட்சை முதலில் கண்டு பாய்ந்தவர் லிஞ்ச். வீரர்களைத் தாக்கும் பந்தான பிளட்ஜர் முகத்தில் மோதியதால் இரத்தம் சிதறச் சிதற அவரைத் தொடர்ந்து வந்தவர்தான் கிரம். இருவரும் ஒரே வேகத்தில் தரையை நோக்கி வர, கிரம் ஸ்னிட்சைப் பிடித்துக்கொண்டு மேலெழுகிறார். லிஞ்ச் மறுபடியும் தரையில் விழுகிறார், போதாக்குறைக்கு பல்கேரிய அணியின் சின்னமாக வந்திருந்த, வெறிகொண்ட வீலாக்கள் என்னும் மாயப் பெண்களின் கால்களில் மிதிபடுகிறார். அப்போது அயர்லாந்திடம் 170 புள்ளிகளும் பல்கேரியாவிடம் வெறும் 10 புள்ளிகளுமே இருந்தன. ஸ்னிட்சுக்குரிய 150ஐச் சேர்த்தும் பல்கேரியா 160ஐத்தான் எட்டியது. லிஞ்ச் முந்தியிருந்தால் 320-10 என்று ஆகியிருக்கும், அப்போதும் கோப்பை அயர்லாந்துக்கே போயிருக்கும். கிரம்மின் திறமையைக் குறைத்து மதிப்பிடுவது என் நோக்கமன்று. தம் அணியால் இனி எட்டிப்பிடிக்க முடியாது என்று தெரிந்தே ஆட்டத்தைத் தம் கையால் முடித்துவைத்தவர் அவர். ஆயினும் அந்தப் பாய்ச்சலைத் தொடங்கிவைத்தது யார் என்பதையும் சொல்லத்தானே வேண்டும்?

கோப்பையைப் பெற்றுக்கொள்ள அணி மேலே வரும்போது, சக வீரர்களான மோரனும் கானலியும் இருபுறமும் தாங்கிப் பிடித்திருக்க, பார்வை எதிலும் நிலைகொள்ளாத நிலையிலும் லிஞ்ச் மகிழ்ச்சியோடு சிரித்துக்கொண்டிருக்கிறார். அந்தப் போட்டியில் அவரைச் சார்ந்த ஒரே சிரிப்பு அதுதான். அடுத்த இணைப்பில் இதைக் குறித்து ஒரு சிறு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
மதுரை.