பாறையையும் கொஞ்சம் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த மூணாறு பயணக் கட்டுரையில் இரவிகுளம் தேசியப் பூங்காவை நாலே வரியில் முடித்துவிட்டீர்கள். பஸ் ஏறு, ராஜமலையில் இறங்கு, ஆட்டைப் பார், படம் எடு, திரும்பு என்ற கணக்கில். அதுகூடப் பரவாயில்லை, படத்துக்குக் கீழே 'காட்டு வெள்ளாடு' என்று போட்டிருந்ததைத்தான் தாங்க முடியவில்லை. நம் மாநில விலங்கு அது, வரையாடு! போதாததற்கு, 2005-இல் வந்த மரபணு ஆய்வு அது வெள்ளாட்டைவிடச் செம்மறிக்குத்தான் நெருங்கிய உறவு என்கிறது.

வரை என்றால் மலை. பெயரிலேயே மலை இருக்கிறது, ஆனால் அந்த மலையைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை. நான் மூன்று முறை போயிருக்கிறேன். முதல் முறை நானும் ஆட்டைத்தான் தேடினேன். இரண்டாம் முறை நல்ல மூடுபனி, பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை, வேறு வழியில்லாமல் சாலையோரப் பாறையையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஈரத்தில் கறுத்து மின்னுகிற பாறை, அதன் மேல் சாம்பலும் வெள்ளையுமாகப் பாசிப் படை, விரிசலில் ஒரு பிடி மண், அந்த ஒரு பிடி மண்ணில் புல். கிரானைட்டும், வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய நைஸ் என்ற பாறையும் சேர்ந்த இந்தப் பாறைகளுக்கு வயது 54 கோடி ஆண்டுகளுக்கும் மேல். பனி கொஞ்சம் விலகியபோது ஒரு தாயும் குட்டியும், நான் கைப்பிடி இல்லாமல் நிற்கவே பயப்படும் சரிவில், ஏதோ வீட்டுத் திண்ணையில் நடப்பது மாதிரி நடந்து போயின. செந்நாயோ சிறுத்தையோ வந்தால் அவற்றுக்கு அந்தச் செங்குத்துப் பாறைதான் அடைக்கலம். மேய்வதற்குப் புல்வெளி, ஓடி ஒளியப் பாறை, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் வரையாடு வாழும். இரவிகுளத்தில் 800-க்கும் மேல் இருக்கின்றன என்றால் காரணம் அந்த அமைப்புதான்.

அப்புறம் சோலைக் காடு. சரிவெல்லாம் புல்லாகவும் பள்ளத்தில் மட்டும் மரங்கள் கொத்தாகவும் இருப்பதைப் பார்த்து, மரத்தை வெட்டிவிட்டார்கள் என்று பஸ்ஸில் ஒருவர் வருத்தப்பட்டார். அப்படியில்லை. பள்ளத்தில் மண் ஆழமாக, ஈரமாக இருக்கிறது. திறந்த சரிவில் உறைபனி விழுந்தால் மரக்கன்று கருகிவிடும், புல் தாக்குப்பிடிக்கும். மழையைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது இந்தப் புல்லும் சோலையும்தான். இங்கே பிறக்கும் ஓடைகளில் ஒரு பகுதி மேற்கே பெரியாற்றுக்குப் போகிறது, இன்னொரு பகுதி கிழக்கே பாம்பாறாகி, அமராவதியாகி, காவிரியில் சேர்கிறது. கேரளத்துப் பூங்கா நமக்கென்ன என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

வசதி விஷயத்தில் இவ்வளவு சொன்னால் போதும். சொந்த வண்டியில் மேலே போக முடியாது, வனத்துறை பஸ்தான். 97 சதுர கிலோமீட்டரில் சுற்றுலாவுக்குத் திறந்திருப்பது ராஜமலைப் பக்கம் மட்டும். 2,695 மீட்டர் உயர ஆனைமுடிச் சிகரத்தைக் கீழிருந்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். பஸ்ஸிலிருந்து இறங்கியபின் தார்ச்சாலையில் ஏற்றமாக நடக்க வேண்டும், முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். நடக்கும்போது வரையாடு கைக்கெட்டும் தூரத்தில் வந்து நிற்கும். வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் வேட்டைக்கென்று காத்துவந்த மலை இது, 1975-இல் சரணாலயமாகி 1978-இல் தேசியப் பூங்காவானது. இன்று அந்த ஆடு மனிதனைப் பார்த்து ஓடாமல் நிற்கிறது. அதற்காகத் தொட்டுப் பார்க்கவோ பிஸ்கட் நீட்டவோ கூடாது, பிள்ளைகளை முன்னால் தள்ளிவிட்டு செல்ஃபி எடுக்கும் அப்பாக்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கட்டுரையில் 'பிப்ரவரியில் தேவையில்லாமல் மூடிவிடுகிறார்கள்' என்று எழுதியிருந்தீர்களே, அது வரையாடு குட்டி போடும் காலம். பெரும்பாலும் ஒரே ஒரு குட்டி, அதிலும் முதல் வருடத்தைத் தாண்டாமல் போவது நிறைய. அந்த நேரத்தில் பஸ் பஸ்ஸாக ஆட்கள் போய் நிற்காமல் இருப்பது நல்லதுதானே? ஆகவே வருகிற ஜனவரி இதழிலேயே ஒரு பெட்டிச் செய்தி போட்டுவிடுங்கள், பூங்கா எந்தத் தேதி வரை மூடியிருக்கும் என்று விசாரித்துவிட்டுக் கிளம்பும்படி. படம் போட்டால் அதன் கீழே வரையாடு என்றே போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்