வலப்பக்கக் கொன்ட்ரோல் எங்கே போனது?

ஆசிரியர் அவர்களுக்கு,

கோட்டையில் ஒரு கந்தோரில் பத்தொன்பது வருடமாகக் காப்புறுதிக் கோரிக்கைகளைப் பதிந்து வருகிறேன். கோப்புகள் வெளிநாட்டு நிறுவனமொன்றினுடையவை, அவை கிடப்பதும் அங்கேயுள்ள மெயின்ஃபிரேம் எனும் பெரிய மையக் கணினியில்தான். எங்கள் முன்னால் இருப்பது கறுப்புத் திரை, பச்சை எழுத்து. 24 வரி, வரிக்கு 80 எழுத்து. 1971இல் ஐ.பி.எம். அறிமுகப்படுத்திய 3270 முனையத்தை, அதாவது மெயின்ஃபிரேமோடு பேசும் திரையையும் கீபோர்டையும், போல நடிக்கும் ஒரு மென்பொருள்.

போன மாதம் புதிய லெப்டொப்கள் வந்தன. மெல்லியவை, பார்க்க அழகு. முதல் நாள் பத்து மணிக்கு முன்பே எங்கள் வரிசையில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டோம். வலப்பக்கக் கொன்ட்ரோல் விசையைக் காணோம். அந்த இடத்தில் மைக்ரோசொஃப்டின் செயற்கை நுண்ணறிவு உதவியாளரைத் திறக்கும் கோபைலட் விசை இருந்தது.

வீட்டில் அந்தக் கொன்ட்ரோலை யாரும் தொடுவதில்லை, சரி. எங்களுக்கு அதுதான் என்டர். பழைய முனையத்தில் அனுப்பும் விசை அந்த மூலையில் இருந்தது. மென்பொருளும் அதையே பின்பற்றுகிறது. சாதாரண என்டரைத் தட்டினால் அடுத்த வரிக்குப் போகும், அவ்வளவுதான். தட்டத் தட்ட எழுத்துகள் மெயின்ஃபிரேமுக்குப் போவதில்லை. திரையை முழுவதும் நிரப்பி ஒரே தட்டில் அனுப்ப வேண்டும். பூட்டிய கட்டத்தில் தெரியாமல் கை பட்டால் கீழே எக்ஸ் குறி விழுந்து கீபோர்ட் மரக்கட்டையாகிவிடும். இடப்பக்கக் கொன்ட்ரோலைத் தட்டினால்தான் திரும்ப உயிர் வரும். இதெல்லாம் இப்போது எங்கள் யோசனையில் இல்லை, கையில் இருக்கிறது. நான் உள்ளங்கையின் ஓரத்தாலேயே அனுப்பிப் பழகியவள்.

இப்போது அப்படி அழுத்தினால் பச்சைத் திரைக்கு மேல் உரையாடல் பெட்டி ஒன்று விரிகிறது. எங்களோடு வேலை செய்யும் பிள்ளை ஒருத்தி நோயாளி ஒருவரின் பிறந்த திகதியை அதற்குள் தட்டிவிட்டு, நல்லகாலம், அனுப்புவதற்கு முன் கண்டு அழித்தாள்.

மைக்ரோசொஃப்ட் இந்த விசையை அறிவித்தது 2024 ஜனவரியில். அதை அழுத்தும்போது கணினிக்குப் போவது ஷிஃப்ட், விண்டோஸ், எஃப்23 மூன்றும் சேர்ந்த தட்டு என்று அறிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மூத்த அக்கா ஒருவரிடம் 122 விசையுள்ள கனத்த கீபோர்ட் இருந்தது; தட்டினால் மூன்று மேசைக்குக் கேட்கும். அதன் உச்சி வரிசையில் எஃப்23 பெயரோடு உட்கார்ந்திருந்தது. இப்போதைய கீபோர்டில் அந்த விசை இல்லை; எங்களுக்கு அது ஷிஃப்டும் எஃப்11உம் சேர்ந்த தட்டு.

விசைகளை மென்பொருளிலேயே மாற்றிக்கொள்ளலாம் என்பது தெரியும். ஆனால் அந்த அமைப்பை கந்தோர் பூட்டி வைத்திருக்கிறது. திறக்கச் சொல்லி எழுதிக் கொடுத்து இருபது நாளாகிறது. பொறுக்க முடியாமல் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போனேன். பெட்டி பெட்டியாகத் திறந்து வலது மூலையை மட்டும் பார்த்த என்னைக் கடைத்தம்பி ஒரு மாதிரிப் பார்த்தார். முழு அளவுக் கீபோர்ட் ஒன்று கிடைத்தது. தினமும் 100ஆம் இலக்க பஸ்ஸில் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு போய்வருகிறேன்.

அடுத்த தொகுதி லெப்டொப் வரப்போகிறதாம். வாங்குகிறவர்கள் கையெழுத்திடுவதற்கு முன் எங்களில் ஒருவரை உட்காரவைத்து ஒரேயொரு திரையை அனுப்பச் சொல்லிப் பார்க்கட்டும். என் கீபோர்டுக்கான பற்றுச்சீட்டும் கைப்பையில் பத்திரமாக இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு 06.