பாசன விவசாயிகள் சங்கம்: 2024-25 செயலாளர் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன வருடத்தைப் பற்றிப் பேசுவதென்றால் மேட்டூரில்தான் தொடங்க வேண்டும். ஜூன் 12-ல் திறக்க வேண்டிய அணையை, தண்ணீர் இல்லாததால் அன்றைக்குத் திறக்கவில்லை. கர்நாடகத்தில் மழை கொட்டி, காவிரியில் வெள்ளம் வந்த பிறகு ஜூலை 28-ல் திறந்தார்கள், அடுத்த இரண்டே நாளில் அணை முழுக் கொள்ளளவான 120 அடியைத் தொட்டுவிட்டது. அதற்குள், ஜூனில் தொடங்க வேண்டிய குறுகிய கால நெல்லான குறுவைப் பட்டம் போய்விட்டது. போர் (ஆழ்துளைக் கிணறு) வைத்திருந்தவர்கள் மட்டும் குறுவை நட்டோம், மற்றவர்கள் அடுத்த பட்டமான சம்பாவுக்குக் காத்திருந்து நேரடி விதைப்பில் இறங்கினார்கள். நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலை ஒட்டிப் பெய்த மழையில் அந்த இளம் பயிரும் மூழ்கியது. நிவாரணத்துக்கு எழுதிக் கொடுத்தது, கணக்கெடுக்க வந்தவர்களோடு வயல் வயலாக நடந்தது எல்லாம் மாதக் கூட்டங்களில் பேசியாகிவிட்டது. இந்த அறிக்கையில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது மானியத்தைப் பற்றி. அதற்கு முன் ஒரு அனுபவத்தைச் சொல்ல வேண்டும்.

குறுவையில் 11 பேர் வயல்நீர்க் குழாய் வைத்துப் பார்த்தார்கள். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். நெல் வயலில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டியதில்லை, காய்ச்சலும் பாய்ச்சலுமாகக் கொடுத்தால் போதும் என்பது நம் பெரியவர்களே சொன்னதுதான். எவ்வளவு காயவிடலாம் என்பதில்தான் எல்லோருக்கும் பயம். அதற்குத்தான் இந்தக் குழாய். ஒரு அடி நீளம், கீழ்ப்பக்கம் மூன்றில் இரண்டு பங்குக்கு ஓட்டை போட்டு வயலில் பதித்து, உள்ளே இருக்கும் மண்ணைத் தோண்டி எடுத்துவிட வேண்டும். மேலே தண்ணீர் வற்றிய பிறகும் குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் மண்ணுக்கு அடியில் நீர் எந்த மட்டத்தில் இருக்கிறதென்று தெரியும். மண் மட்டத்திலிருந்து 15 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கினால் மறுபடி 5 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பாய்ச்சினால் போதும். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய முறை இது, நம் வேளாண் பல்கலைக்கழகமும் சிபாரிசு செய்கிறது.

20 அடி பி.வி.சி. குழாய் ஒன்றை வாங்கி 20 துண்டு போட்டோம். ஓட்டை போட்டது நம் வெல்டிங் பட்டறைத் தம்பி, கூலி வாங்கவில்லை. மண் அடைக்காமல் இருக்க வெளியே பழைய கொசுவலையைச் சுற்றிக் கட்டினோம். செலவு சொற்பம். முன்பெல்லாம் தினமும் மோட்டார் போட்டுக்கொண்டிருந்த மேலத்தெரு பெரியவர், ஆகஸ்டில் ஒரு காலை என்னைக் கூப்பிட்டு, "இங்க பாரு, மேல மயிரிழை வெடிப்பு விட்டிருக்கு, உள்ளே நாலு விரக்கடையில தண்ணி நிக்குது" என்று குச்சியை விட்டு அளந்து காட்டினார். நாற்பது வருடமாக நெல் போடுகிறவர் அவர், வெடிப்பைப் பார்த்த உடனே வாய்க்காலுக்கு ஓடிக்கொண்டிருந்தவர். அன்றைக்கு மோட்டார் போடாமல் வீட்டுக்குப் போனார். நல்லபடியாக முடிந்த வயல்களில் மகசூல் குறையவில்லை, நீர் பாய்ச்சிய தடவை நன்றாகவே குறைந்தது. எங்களிடம் மீட்டர் இல்லை, ஒவ்வொருவர் நோட்டிலும் எழுதி வைத்ததைக் கொண்டுதான் இதைச் சொல்கிறேன். சம்பாவில் இது பலிக்காது. வடகிழக்குப் பருவமழையில் வயலைக் காயவிட எங்கே வழி?

ஆனால் 11 பேரில் எல்லோருக்கும் நல்லபடியாக முடியவில்லை, அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். தெற்குத்தெரு அக்கா கோயில் நிலத்தைக் குத்தகைக்குச் செய்கிறவர். கதிர் வெளிவந்து பூக்கும் நேரத்தில் அவருக்குத் தண்ணீர் தரும் பக்கத்து போர் பழுதாகிவிட்டது. மோட்டாரைத் தூக்கிச் சரிசெய்து இறக்க ஒன்பது நாள் ஆனது. அவர் குழாயைப் பார்த்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் தாங்கும் என்று இருந்துவிட்டார். பூக்கும் பருவத்தில், முன்னும் பின்னும் ஒரு வாரம், வயலில் தண்ணீர் நின்றே ஆக வேண்டும். அதை நாங்கள் கொடுத்த காகிதத்தில் எழுதியிருந்தோம், ஆனால் வாயால் சொல்லவில்லை, அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் தெரியும். அது சங்கத்தின் தவறு. கதிரைக் கையில் பிடித்து உருவியபோது பாதி, உள்ளே அரிசி இல்லாத பதராக உதிர்ந்தது. குத்தகை நெல்லை அப்படியே அளந்துதானே ஆக வேண்டும்? சங்க நிதியிலிருந்து 3,000 ரூபாய் கொடுத்தோம், நம்மால் முடிந்தது அவ்வளவுதான். வேறு இரண்டு பேருக்கு, காயவிட்ட வயலில் கோரை ஏறி ஒரு களையெடுப்பு கூடுதலாகச் செலவு ஆனது.

இங்கேதான் மானியக் கதை வருகிறது. அரசு நமக்கு மானியம் கொடுக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். இந்த வருடம் 6 பேர் வாழைக்கும் தென்னைக்கும் போட்டார்கள். (அதில் இரண்டு வயலில் பதித்த நிறுவனம் வடிகட்டியைச் சரியாக மாட்டாமல் போய்விட்டது, மூன்று மாதம் அலைந்த பிறகுதான் ஆள் வந்தார்கள்.) 2024 ஜூனில் அறிவித்த 78.67 கோடி ரூபாய் குறுவைத் தொகுப்பில் இயந்திர நடவுக்கு ஏக்கருக்கு 4,000 ரூபாய் வந்தது. மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம் திட்டத்தில் பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டு விதை மானிய விலையில் வேளாண்மை டெப்போவில் கிடைத்தது, பலர் விதைத்து மடக்கி உழுதோம், மண் பொலபொலவென்று ஆனதைக் கண்ணால் பார்த்தோம். இதற்கெல்லாம் நன்றி சொல்கிறேன், மனதாரவே.

ஆனால் பாருங்கள், இவை அநேகமாகப் பொருளுக்கு, இயந்திரத்துக்கு, விதைக்கு. பில் இருந்தால் மானியம் உண்டு. அக்கா செய்தது புதிய பழக்கம், அதற்கு வாங்கிய பொருள் ஒரு துண்டுக் குழாய். தண்ணீரை மிச்சம் பிடித்தது ஊருக்கே லாபம், நஷ்டம் மட்டும் அவர் தலையில். அதுவும் நமக்கு விவசாய மின்சாரம் இலவசம், மோட்டாரை நிறுத்தினால் கையில் ஒரு ரூபாய் மிஞ்சாது. நிலத்தடி நீர் உப்பாகாமல் இருக்கும், பக்கத்துக்காரர் போர் வற்றாமல் இருக்கும். அவ்வளவு பெரிய நன்மையைச் செய்கிறவருக்கு ஒரு போகத்துக்குக் கூடக் காப்பு இல்லை.

பழக்கத்துக்குக் காசு கொடுத்த திட்டமே இல்லையென்று சொல்ல மாட்டேன். மத்திய அரசு 2015-ல் கொண்டுவந்த பரம்பராகத் கிருஷி விகாஸ் திட்டத்தில், இயற்கை விவசாயத்துக்கு 50 பேர் 50 ஏக்கரோடு சேர்ந்தால் மூன்று ஆண்டில் ஏக்கருக்கு 20,000 ரூபாய் என்றார்கள். மாறும் காலத்தில் கைகொடுக்க வேண்டும் என்று யோசித்த திட்டம் அது. அமெரிக்காவில் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். 2018 பண்ணைச் சட்டத்தில் விவசாயிகளின் சொந்த வயலிலேயே புதிய பாதுகாப்பு முறைகளைச் சோதித்துப் பார்க்க ஆண்டுக்கு 2.5 கோடி டாலர் ஒதுக்கினார்கள். பணம் சங்கம், பல்கலைக்கழகம் போன்ற அமைப்புகள் வழியாக வரும். புதிய முறையால் வருமானம் குறைந்தால் ஈடுகட்டவும் அதிலிருந்து விவசாயிக்குக் கொடுக்கலாம் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. இதைப் படித்தபோது எனக்கு அக்காவின் பதர்க் கதிர்தான் ஞாபகம் வந்தது.

குத்தகைக்காரர் விஷயம் இன்னொரு பாரம். நில உரிமையைக் காட்டும் சிட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் மானியம். சொட்டுநீர் விதியில் குத்தகைதாரருக்கும் இடம் உண்டு, ஆனால் ஏழு ஆண்டுக்கு எழுத்து மூலம் ஒப்பந்தம் வேண்டும். நம் பக்கத்தில் வாய்ப்பேச்சுக் குத்தகைக்கு எவர் ஏழு வருடம் எழுதிக் கொடுப்பார்? நம் உறுப்பினர்களில் பாதிப் பேருக்கு மேல் குத்தகை சாகுபடிதான். பதிவேட்டில் அவர்கள் இல்லை.

டிசம்பரில் ஒரு நிறுவனத்திலிருந்து வந்து, காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கொடுத்தால் வயலில் மீத்தேன் குறையும், அதற்குக் கார்பன் பணம் (பூமியைச் சூடாக்கும் வாயுவைக் குறைப்பதற்குக் கிடைக்கும் பணம்) வாங்கித் தருகிறோம் என்றார்கள். மீத்தேன் என்றாலே நமக்கு, டெல்டாவில் அந்த வாயுவை எடுப்பதை எதிர்த்த போராட்டம்தான் நினைவுக்கு வரும், அது வேறு விஷயம், இது வேறு. நீர் தேங்கிய வயலில் மீத்தேன் உண்டாவதும், காயவிட்டால் குறைவதும் உண்மைதான். ஒப்பந்தத்தைத் தமிழில் கொடுங்கள், பணத்தில் யாருக்கு எத்தனை பங்கு என்று எழுதுங்கள் என்று கேட்டோம். அதன்பின் வரவில்லை. இனி யார் வந்தாலும் தனித்தனியாகக் கையெழுத்துப் போடாமல் சங்கத்துக்கு அனுப்புங்கள்.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிளை வாய்க்கால் இரண்டை நம் ஆட்களே இறங்கித் தூர்வாரினோம், கதவு ஷட்டர் ஒன்று இன்னும் பழுதாகவே இருக்கிறது. உழவன் செயலியில் 23 பேருக்குப் பதிவு செய்து கொடுத்தோம். வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார்.

கூட்டத்தில் வைக்கும் தீர்மானம் ஒன்றுதான். புதிய நீர் சேமிப்பு முறையை முதல் முறையாகச் செய்யும் விவசாயிக்கு, நில உரிமை பார்க்காமல் சாகுபடிச் சான்றை வைத்து, முதல் இரண்டு போகத்துக்கு ஏக்கருக்கு ஒரு காப்புத் தொகை கொடுக்க வேண்டும் என்று மாவட்ட ஆட்சியரிடம் மனு. குறைதீர் கூட்டத்துக்கு எல்லோரும் நேரில் வர வேண்டும், 10 பேர் போனால் மனு பெட்டியில் விழும், 100 பேர் போனால் மேசைக்கு வரும். நம் பங்குக்கு, வரும் குறுவையில் குழாய் வைக்கிறவர்களுக்காக ஒரு சிறு காப்பு நிதி தொடங்கலாம் என்று செயற்குழு நினைக்கிறது. விளைந்த நெல்லில் ஒரு மூட்டைக்கு 5 ரூபாய் போட்டால் அக்காவைப் போல் இன்னொருவர் தனியாக நிற்க வேண்டியிருக்காது.

மீதிக் குழாய்கள் 9 சங்கக் கொட்டகையில் இருக்கின்றன. நாற்று விடும் முன் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். இந்த முறை ஒவ்வொருவர் வயலுக்கும் நான் நேரில் வந்து, பூக்கும் பருவத்துத் தேதியை உங்களோடு உட்கார்ந்து காலண்டரில் குறித்துக் கொடுப்பேன். தெற்குத்தெரு அக்காவும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

செயலாளர்