தோளில் தொடங்கித் தோளிலேயே முடியும் அளவு

சுங்கை சிப்புட், மலேசியா
ஞாயிறு காலை

பாப்பா,

பசியாறிட்டியா? நேற்று இரவு நீ புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அனுப்பிய படத்தைப் பார்த்தேன். முகம் இல்லை, உடை இல்லை, தோளில் பதிந்த சிவப்புக் கோடு மட்டும். கீழே நாலு வரி: “நீச்சல் உடை எல் சைஸ் பத்தலன்னு எக்ஸ்எல் வாங்கினேன்மா. அதுவும் தோள வெட்டுது. ரொம்பக் குண்டாயிட்டேன்போல. நீச்சல் வகுப்புக்குக் கட்டின காசு போகட்டும், நான் போகல.” இதற்கெல்லாம் கைப்பேசியில் தட்டிப் பதில் சொல்ல என் விரலுக்குப் பொறுமை கிடையாது. கடை திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. துணி வெட்டும் மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ குண்டாகவில்லை. உனக்கு உடம்பு நீளம்.

அந்த எக்ஸ்எல்லைப் போட்டபோது மார்புப் பக்கம் தொளதொளவென்று இருந்ததா? அக்குள் ஓரத்தில் துணி மடிந்து நின்றதா? கட்டாயம் நின்றிருக்கும். சைஸ் ஏற ஏறச் சுற்றளவுதான் தாராளமாக ஏறும். தோளுக்கும் கவட்டுக்கும் நடுவில் உள்ள நீளம் கஞ்சத்தனமாகத்தான் ஏறும். நீளம் பத்தாத உடைக்கு அகலத்தைக் கூட்டிக்கொண்டே போனால் பழைய வெட்டும் போகாது, புதுத் தொளதொளப்பும் வந்து சேரும். டபுள் எக்ஸ்எல் வாங்கினாலும் இதே கதைதான். காசை வீணாக்காதே.

உன் பாட்டிக்கும் இதே உடம்பு. ரப்பர் தோட்டத்து லாரியில் பொம்பளைகள் வரிசையாக உட்கார்ந்து போனால் பாட்டி தலை மட்டும் எல்லாருக்கும் மேலே தெரியும். இறங்கி நின்றால் மற்றவர்கள் உயரம்தான். எத்தனை ரவிக்கை தைத்தாலும் முன்பக்கம் மேலே ஏறிக்கொண்டு வயிறு தெரியும் என்று திட்டிக்கொண்டே இருப்பார். எனக்கும் அப்படி. நீ ஒன்றாம் ஆண்டில் போட்ட பள்ளிச் சீருடைப் பினபோருக்கு பெல்ட் எங்கே நின்றது, ஞாபகம் இருக்கிறதா? நெஞ்சுக்குக் கீழே. கடையில் வாங்கியதை அப்படியே போட்டுக்கொண்டு எல்லாப் பிள்ளைகளும் போனார்கள். உன்னுடையதை மட்டும் நான் பிரித்து ஒன்றரை இஞ்சு இறக்கித் தைத்தேன். பினபோரில் துணி கூடக் கொடுத்து இறக்கிவிடலாம். நீச்சல் உடையில் அந்த வேலை நடக்காது. மேலே தோளில் மாட்டுகிறது, கீழே கால் நடுவில் மாட்டுகிறது. நடுவில் பத்தாவிட்டால் இரண்டு பக்கமும் இழுக்கும். உன் தோளில் கோடு விழுந்த அதே நேரம் கீழேயும் வலித்திருக்கும், நீ வெட்கப்பட்டு எழுதவில்லை. அம்மாவிடம் என்ன வெட்கம்?

ஆகவே முதலில் எடுக்க வேண்டிய அளவு, தோளில் தொடங்கிக் கால் நடுவில் சுற்றித் தோளுக்கே வரும் அந்த நீளம்தான். அட்டவணையில் “டோர்சோ” என்று கடைசிக் கட்டத்தில் போட்டிருப்பார்கள், பாதிப் பேர் அதைப் பார்ப்பதே இல்லை. சில கடைக்காரர்கள் போடுவதும் இல்லை, அவர்களிடம் வாங்காதே. கழுத்து ஓரத்துக்கும் தோள் முனைக்கும் நடுவில், பிரா பட்டை உட்காரும் இடம் இருக்கிறதே, அங்கே தொடங்கு. முன்பக்கம் மார்பின் மேடான இடத்தின் மேலே இறக்கி, கால் நடுவில் விட்டு, முதுகு வழியாக ஏற்றித் தொடங்கிய இடத்துக்கே வர வேண்டும். நிமிர்ந்து நில். குனிந்து கீழே பார்த்தாயானால் அளவு மாறிப்போகும். தனியாக எடுக்க முடியாது, அறைத்தோழியைக் கூப்பிடு. ராத்திரி வேலை முடிந்து அவள் தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது கூப்பிடாதே.

இதில் ஒரு வேடிக்கை. நம்மிடம் இருக்கும் டேப் 60 இஞ்சோடு முடிந்துவிடும். இந்த அளவு உனக்கு அதைத் தாண்டும். உங்கள் சிங்கப்பூர்த் தேக்காச் சந்தைப் பக்கம் பூக்கடைக்குப் போய்ப் பூக்கட்டும் நூல் கொஞ்சம் வாங்கு. பருத்தி நூல், இழுத்தால் நீளாது. நாலாக முறுக்கி அதைச் சுற்றி விட்டு, சேரும் இடத்தில் முடிச்சுப் போட்டு, பிறகு தரையில் இரண்டாக நீட்டி வைத்து டேப்பால் அளந்து, வருவதை இரட்டிப்பாக்கு. முறுக்கின நூலை வெட்டிவிடாதே, அது எனக்கு வேண்டும். கடைசியில் சொல்கிறேன்.

மற்ற மூன்று அளவும் உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் நீ அவசரக்காரி. மெல்லிய உள்ளாடையோடு எடு, பஞ்சு வைத்த பிரா வேண்டாம். மார்பின் அகலமான இடத்தில் ஒன்று. இடுப்பு எது என்று சந்தேகம் வந்தால் பக்கவாட்டில் சாய்ந்து பார், மடிப்பு விழும் இடம்தான் இடுப்பு. பாவாடை நாடா கட்டும் இடம் இல்லை. சீட் அளவு அதற்குக் கீழே ஏழெட்டு இஞ்சில், பின்பக்கம் நன்றாக வெளியே நிற்கும் இடத்தில், கால் இரண்டையும் சேர்த்து வைத்து. மூச்சை இழுத்துப் பிடித்து எடுக்கிற அளவு கடைக்காரனை ஏமாற்றாது, உன்னைத்தான் ஏமாற்றும்.

டேப் சாயக் கூடாது. இதை நான் தையல் கற்றுக்கொடுத்த அக்காவிடம் கற்கவில்லை, தாத்தாவிடம் கற்றேன். கன்று ரப்பர் மரம் பால் வெட்டுக்கு வந்துவிட்டதா என்று பார்க்க, தரையிலிருந்து குறித்த உயரத்தில் நாடாவைச் சுற்றுவார்கள். சுற்றளவு 50 சென்டிமீட்டர் பக்கம் வந்தால்தான் கத்தி வைக்கலாம். சின்ன வயதில் நான் நாடாவைப் பிடித்தால் என் பக்கம் கீழே இறங்கிவிடும். “சாய்ச்சுப் புடிச்சா இளம் மரமும் முத்தின மரமா தெரியும் தாயி,” என்பார். உன் சீட் அளவு இரண்டு இஞ்சு கூடக் காட்டுவதற்கும் அதே சாய்வு போதும். கண்ணாடி முன்னால் நின்று பின்பக்கம் நேராக இருக்கிறதா என்று பார்.

அளவு கிடைத்ததும் உன் நம்பர் எது என்று தேடாதே. எந்த உடையை வாங்குகிறாயோ அந்தக் கடையின் அட்டவணையை மட்டும் பார். பிரிட்டன்காரன் 12 என்று போடுவதை அமெரிக்காக்காரன் 8 என்பான். சீனாவிலிருந்து வரும் எக்ஸ்எல் சில சமயம் வேறு ஊர் மீடியத்துக்குக்கூட வராது. சைஸ் என்பது துணிக்கு வைத்த பெயர், உனக்கு வைத்த பெயர் இல்லை. மார்பு ஒரு கட்டத்திலும் டோர்சோ வேறு கட்டத்திலும் விழுந்தால், ஒரே துண்டாக உள்ள உடைக்கு டோர்சோ சொல்வதைக் கேள். “லாங் டோர்சோ” என்றே தனியாகத் தைத்து விற்கிறார்கள், அதைத் தேடு. இல்லையென்றால் மேலே தனி, கீழே தனி என்று வரும் உடை வாங்கு, மேல்துண்டு இடுப்புக்குக் கீழேயும் இறங்குவதாகப் பார், வயிறு தெரியாது. நடுவில் இணைப்பே இல்லாததால் இழுக்கவும் ஆள் இல்லை. முழங்கால் வரை, முழுக்கை வைத்தது வேண்டுமென்றாலும் வாங்கிக்கொள், நம் ஊர்ப் பெண்கள் பலர் இப்போது அதைப் போடுகிறார்கள். தொடைச் சுற்றும் கை நீளமும் சேர்த்து எடுத்துக்கொள். எவ்வளவு மூடுவது என்பது உன் இஷ்டம்.

பொட்டலத்தைப் பிரித்ததும் பயப்படாதே. தரையில் விரித்தால் சின்னப் பிள்ளை உடை மாதிரி இருக்கும். ரவிக்கைக்கு உடம்பு அளவோடு இரண்டு இஞ்சு லூஸ் விடுவேன், மூச்சு விட வேண்டுமே. இந்தத் துணியில் அதற்கு நேர் எதிர்: உடம்பைவிடச் சின்னதாக வெட்டி, துணி இழுபட்டு ஒட்டி நிற்கும்படி செய்வார்கள். இது புரியாமல் ஒரு முறை நான் அவமானப்பட்டேன், உனக்குச் சொன்னதே இல்லை. ஒரு பள்ளி ஆண்டுவிழாவுக்கு, ஆடும் பிள்ளைகளுக்கு உடம்போடு ஒட்டிய உடை பன்னிரண்டு கேட்டார்கள். மார்பு, இடுப்பு, சீட் அளவு வாங்கினேன். டோர்சோ என்ற ஒன்று இருப்பதே தெரியாது. பருத்தித் துணிக்கு விடுகிற மாதிரி லூஸும் விட்டுத் தைத்தேன். ஒத்திகையில் பாதிப் பிள்ளைகளுக்குச் சாக்கு மாதிரி தொங்கியது. உயரமான பிள்ளை ஒருத்தி காலைத் தூக்கினாள், கவட்டில் டர்ரென்று கிழிந்தது. அந்தப் பிள்ளை அழுதுகொண்டே ஓடிவிட்டாள். தவறு என் கத்தரிக்கோலில், அழுதது அவள். அன்றிலிருந்து இந்த மாதிரித் துணியை நான் தொடுவதில்லை, அதனால்தான் “நானே தச்சு அனுப்பறேன்” என்று சொல்லாமல் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

போட்டுப் பார்க்கும்போது சும்மா நிற்காதே. உள்ளாடை மேல் போட்டு, கையைத் தூக்கு, குனி, குத்தவை, நாலு குதி குதி. தோள் பட்டைக்குக் கீழே இரண்டு விரல் நுழைய வேண்டும். தொடை ஓரத்தில் எலாஸ்டிக் அழுந்தவும் கூடாது, வாய் பிளக்கவும் கூடாது. வயிற்றிலோ முதுகின் அடியிலோ துணி சுருக்கம் விழுந்தால் நீளம் கூடிவிட்டது. காய்ந்த உடம்பில் கொஞ்சம் இறுக்கமாகத் தெரிந்தால் பரவாயில்லை, தண்ணீரில் இறங்கியதும் துணி கொஞ்சம் தளரும். காயும்போதே தளர்வாக இருந்தால் குளத்தில் நீ ஒரு பக்கம், உடை ஒரு பக்கம்.

டீசட்டையும் ட்ராக் பேன்ட்டும் போட்டு இறங்கிவிடலாம் என்று மட்டும் நினைக்காதே. கோயில் ஆட்களோடு நீர்விளையாட்டுப் பூங்காவுக்குப் போனபோது நான் அதைத்தான் செய்தேன். பருத்தி குடித்த தண்ணீரில் பேன்ட் இரண்டு செங்கல் கட்டின மாதிரி இழுத்தது. ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறு கையால் பேன்ட்டைப் பிடித்து நின்றேன். பாதுகாவலர் பையன் வேறு வந்து, “ஆன்ட்டி, இந்தத் துணிக்கு அனுமதி இல்ல,” என்று எல்லார் முன்னாலும் சொன்னான்.

துணி லேபிளில் நைலான் அல்லது பாலியஸ்டர், கூட எலாஸ்தேன் என்று போட்டிருக்கும். எலாஸ்தேன், ஸ்பான்டெக்ஸ், லைக்ரா எல்லாம் ஒரே பொருள்தான். 1958-இல் அமெரிக்காவில் டுபாண்ட் கம்பெனியின் ஜோசப் ஷிவர்ஸ் கண்டுபிடித்தது. அதற்கு முன்னால் இழுபடுகிற துணிக்கு ரப்பர் நூல்தான். இன்றைக்கும் நீச்சல் உடையின் தொடை ஓரத்துக்குள் மடித்துத் தைக்கிற எலாஸ்டிக் பல சமயம் ரப்பர்தான், குளோரினைத் தாங்குவதால். பாட்டி விடியுமுன்னே எழுந்து வெட்டின ரப்பர் பால் எந்த ஊர்க்காரி தொடையில் ஒட்டிக்கொண்டு நீந்தியதோ! ஸ்பான்டெக்ஸ் அந்த அளவு தாங்காது, குளோரின் அதை மெல்ல மெல்லத் தின்றுவிடும். குளத்தை விட்டு ஏறியதும் நல்ல தண்ணீரில் அலசு. முறுக்கிப் பிழியாதே, துண்டில் சுருட்டி அழுத்து. மெஷினில் போடாதே, நிழலில் காயப் போடு. உங்கள் வீவக அடுக்குமாடி புளோக்கில் சன்னல் கம்பு நேர் வெயிலில் நீட்டிக்கொண்டிருக்கும், அதில் வேண்டாம்.

அப்பாவிடம் சொன்னேன். ஒன்றும் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு கோப்பிக்கடைக்குப் போய்விட்டார். எனக்குக் கொஞ்சம் கோபம்தான். திரும்பி வந்து, கை கழுவும்போது, “அந்தக் குளம் எத்தனை அடி ஆழமாம்?” என்று கேட்டார். எங்கள் காலத்தில் ஆற்றங்கரையில் பாவாடையை மார்பு வரை ஏற்றிக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்து குளித்ததோடு சரி. ஈயம் தோண்டிய குட்டைப் பக்கம் போனால் ரோத்தானால் (பிரம்பால்) அடி கிடைக்கும். ஒருவரும் நீந்தக் கற்றுத் தரவில்லை. ஆழம் எத்தனை என்று எழுது, அவர் இன்னும் இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

வகுப்பு அடுத்த சனிக்கிழமைதானே? இது கிடைத்த அன்றைக்கே அளந்தால் நடுவில் வாங்க நாள் இருக்கிறது. அந்த எக்ஸ்எல்லைத் திருப்பிக் கொடுக்க முடிகிறதா பார், கவட்டில் உள்பக்கம் ஒட்டியிருக்கும் சுகாதார ஒட்டுத்தாளை உரித்திருந்தால் வாங்க மாட்டார்கள்.

பிறகு அந்தப் பூ நூல். முடிச்சை அவிழ்க்காமல், தபால் உறையில் போட்டு எனக்கு அனுப்பு. படம் எடுத்து அனுப்பினால் போதாது. கடை அளவு நோட்டில் உனக்கென்று ஒரு பக்கம் இருக்கிறது, ஒன்றாம் ஆண்டிலிருந்து பட்டமளிப்புச் சேலை ரவிக்கை வரைக்கும். அதில் இந்த அளவு ஒரு தடவைகூட இல்லை. நீ நம்பரில் அவசரப்பட்டிருப்பாய், நானே ஒரு தடவை நீட்டி அளந்து எழுதிக்கொள்கிறேன்.

கடைக்கதவை யாரோ தட்டுகிறார்கள்.

அம்மா