மலைப்பாதை தெரிந்த அப்பா அம்மாக்களுக்கு ஒரு மடல்

சூரியநெல்லி, பூப்பாறை, தேவிகுளம், மூணாறு பக்கமிருந்து பிள்ளைகளை ஜார்ஜியாவுக்கு மருத்துவம் படிக்க அனுப்பியிருக்கிற, இனி அனுப்பப்போகிற பெற்றோர்களுக்கு வணக்கம்.

நான் சூரியநெல்லிப் பெண். திபிலீசியில் நாலாம் வருஷம் படிக்கிறேன். அப்பா கொழுக்குமலைக்கு ஜீப் ஓட்டுகிறார். விடியற்காலை நாலு மணிக்கு டூரிஸ்ட்டுகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினால், கல்லும் குழியுமான அந்தப் பாதையில் ஏறி, சூரிய உதயம் காட்டி, இறங்கி வருவார். இருபது வருஷத்துக்கு மேல் இதுதான் அவர் வேலை.

முதல் வருஷம் நெடும்பாசேரியில் விமானம் ஏறும்போது அம்மா என் கையைப் பிடித்து, "படிப்பு முடியிற வரைக்கும் எங்கயும் சுத்தப் போகமாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்றார். பண்ணினேன். உங்களில் பலரும் இதே சத்தியத்தை வாங்கியிருப்பீர்கள். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அங்கே ஜனவரி தொடக்கத்தில் புத்தாண்டு, 7ஆம் தேதி அவர்களுடைய கிறிஸ்துமஸ் என்று விடுமுறை வரும். ஹாஸ்டல் பாதி காலியாகிவிடும். பனியையே பார்த்திராத பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் எத்தனை நாள் அறைக்குள் இருப்பார்கள்? நாங்கள் ஐந்து பேர் ஒரு கார் வாடகைக்கு எடுத்தோம். மூன்று பெண்கள், இரண்டு பையன்கள். குமுளி, கொழிஞ்சாம்பாறை, திருச்சூர் என்று எல்லாருமே நம் பக்கத்து ஆட்கள். பையன்களும் பெண்களும் ஒரே வண்டியில் போவதை வீட்டில் எப்படிச் சொல்வது? அந்த ஒரு காரணத்துக்காகவே ஐந்து பேரும் அவரவர் வீட்டில் பொய் சொன்னோம். ரோட்டைப் பற்றிய பயம் எங்கள் யாருக்கும் இல்லை. வீட்டைப் பற்றிய பயம்தான் இருந்தது.

போன இடம் கஸ்பேகி என்ற மலை ஊர். திபிலீசியிலிருந்து வடக்கே ரஷ்ய எல்லை வரைக்கும் போகிற பழைய ராணுவச் சாலையில்தான் அங்கே போக வேண்டும். ஜின்வாலி அணை, அதன் கரையில் அனனூரிக் கோட்டை, பசனௌரி, குடௌரி என்று ஏறிப்போய், 2,400 மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் ஒரு கணவாயைத் தாண்ட வேண்டும். உயரம் கிட்டத்தட்ட நம் கொழுக்குமலைதான். ரஷ்யாவுக்குப் போகும் லாரிகள் வழியெல்லாம் வரிசையாக நிற்கும். பனிச்சரிவு அபாயம் வந்தால் குடௌரிக்கு மேலே ரோட்டை மூடிவிடுவார்கள். திறந்திருந்தாலும் சில நாள் டயரில் சங்கிலி மாட்டிய வண்டியை மட்டும்தான் விடுவார்கள். எங்களுக்கு இது ஒன்றும் தெரியாது. போனில் மேப் 155 கிலோமீட்டர் என்று காட்டியது. மூணாறிலிருந்து கொச்சி போவதுபோல என்று நினைத்துக்கொண்டோம்.

பசனௌரி தாண்டி பெட்ரோல் போட்டுவிட்டு வெளியே வரும்போது, பழக்கதோஷத்தில் நண்பன் இடப்பக்கம் ஏறிவிட்டான். அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். எதிரே வந்த வேன் ஹாரன் அடித்து ஒதுங்கியது. யாரும் பேசவில்லை. குடௌரிக்கு மேலே போலீஸ் கார் குறுக்கே நின்றது. எங்களிடம் சங்கிலி இல்லை. திரும்பிப் போகச் சொல்லிவிட்டார்கள்.

இறக்கத்தில்தான் வினை. அது ஆட்டோமேட்டிக் வண்டி. நண்பன் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினான். பத்து நிமிஷத்தில் ரப்பர் தீய்ந்தது போல ஒரு வாடை உள்ளே வந்தது. "பிரேக் மெத்துனு போகுது" என்று அவன் சொன்ன குரல் இன்னும் காதில் இருக்கிறது. எப்படியோ ஒரு அகலமான இடத்தில் ஒதுக்கி நிறுத்தினான். பின்னால் வந்த லாரிக்காரர் ஒருவர் இறங்கி வந்தார். வயதானவர், கையுறையில் கிரீஸ் கறை. அவர் மொழி எங்களுக்குத் தெரியாது. சக்கரத்துப் பக்கம் குனிந்து மோந்து பார்த்தார். கைக்கடிகாரத்தைக் காட்டி, இரண்டு உள்ளங்கையையும் கீழே அழுத்துவதுபோல் சைகை செய்தார். பொறுங்கள், ஆறட்டும் என்று அர்த்தம். அப்புறம் ஜன்னல் வழியாகக் கையை விட்டு, கியர் லீவரை ஒரு பக்கமாகத் தள்ளி, மைனஸ் குறி இருந்த பக்கம் இரண்டு முறை தட்டிக் காட்டினார். சின்ன கியரில் இறங்கு, இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும் என்பதுதான் அவர் சொன்னது. ஏறின கியரில்தான் இறங்க வேண்டும் என்று அப்பா எத்தனை முறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த நேரத்தில் என் வாயில் வரவில்லை.

அன்று இரவு பசனௌரியில் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கினோம். எட்டரை மணிக்கு, நம் ஊரில் பத்து மணி, அம்மா கூப்பிட்டார். "லைப்ரரில இருக்கேன்மா" என்றேன். மலை ரோட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தவர்களிலேயே அதிகம் தெரிந்த மனிதர் அந்த போனுக்குப் பக்கத்தில் படுத்திருந்தார். ஒரு கேள்வி கேட்டிருந்தால் எல்லாம் சொல்லியிருப்பார். அவரிடம் கேட்க எனக்கு வழியில்லாமல் போனது. இன்றைக்கும் என்னால் தாங்க முடியாதது இதுதான்.

லீவுக்கு ஊருக்கு வந்தபோது ஜீப்பில் வைத்து அப்பாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். கொஞ்ச தூரம் பேசாமல் ஓட்டினார். "இறக்கத்துல எந்த கியர்ல வந்தீங்க?" என்றார். டயர் என்ன டயர், வாடை எவ்வளவு நேரம் இருந்தது, எத்தனை நிமிஷம் நிறுத்தினீங்க, சக்கரத்துல தண்ணி ஊத்தலயே என்று மேலே போய்ச் சேரும்வரை கேட்டுக்கொண்டே வந்தார். அம்மாவிடம் அவரே சொன்னார். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அது நியாயம்தான்.

அடுத்த தடவை ஜூனில் அதே ரோட்டில் போனோம், சொல்லிவிட்டு. கிளம்பும் முன்னால் வீடியோ காலில் நாலு டயரையும் காட்டச் சொன்னார் அப்பா. வாடகைப் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்று கேட்டார். அதில் பெயர் இல்லாதவர் ஓட்டி ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் கைகொடுக்காது என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. முதல் தடவை திருச்சூர் நண்பனும் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தான். இந்த முறை கணவாய் திறந்திருந்தது. கெர்கெட்டி தேவாலயத்தின் முன்னால் நின்று, பின்னால் தெரிந்த 5,000 மீட்டருக்கு மேற்பட்ட கஸ்பெக் சிகரத்தை அம்மாவுக்குக் காட்டினேன். "குளிருதா, ஸ்வெட்டர் போட்டியா" என்றார்.

சத்தியம் வாங்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். வாங்கினாலும் பிள்ளைகள் போவார்கள், சொல்லாமல் போவார்கள். சொல்லாமல் போகிறவர்கள் எங்கே மாட்டிக்கொண்டாலும் உங்களைக் கூப்பிடத் தயங்குவார்கள். யார் யார் போகிறீர்கள் என்று கேளுங்கள். பையன் பெயரும் பெண் பெயரும் சேர்ந்து வந்தால் பதறாமல் எல்லார் நம்பரையும் வாங்கி வையுங்கள். ஊரிலிருந்து கிளம்பும் முன்னாலேயே இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் எடுக்க வையுங்கள், ஒரு வருஷம் செல்லும். ஜனவரியில் கஸ்பேகி என்றால் அன்று காலை ரோடு திறந்திருக்கிறதா என்று பார்த்தாயா, சங்கிலி இருக்கிறதா என்று கேளுங்கள். அவசரத்துக்கு அங்கே 112 என்று சொல்லிக்கொடுங்கள். போடிமெட்டு வளைவுகளில் வருஷக்கணக்காக வண்டி ஓட்டுகிறவர்கள் நம்மில் வீட்டுக்கு ஒருவர் இருப்பார். அவரை உங்கள் பிள்ளையோடு பத்து நிமிஷம் பேச வையுங்கள்.

அப்படி யாரும் வீட்டில் இல்லையென்றால் சூரியநெல்லி ஜீப் ஸ்டாண்டுக்கு வாருங்கள். காலை சவாரி முடிந்து பத்து மணிக்கு மேல் அப்பா அங்கேதான் இருப்பார். ஏற்கெனவே இரண்டு பேர் வந்து கேட்டுப் போனார்கள்.